'முடியாது' என்று சொல்லும் உலகம் வேண்டும்

ஸ்கைரிம் விளையாட்டில் விண்டர்ஹோல்ட் என்றொரு பனியூர். அங்கே ஒரு மந்திரக் கல்லூரி. வாசற்பாலத்தில் நிற்கும் ஃபரால்டா என்ற ஆசிரியை, ஒரே ஒரு மந்திரத்தைச் செய்துகாட்டச் சொல்வார். தெரியாது என்றால் அவரே அதைச் சில காசுக்கு விற்பார். நின்ற இடத்திலேயே கற்று, நின்ற இடத்திலேயே காட்டிவிட்டு உள்ளே போகலாம். அதற்குப் பிறகு வாளும் கோடரியுமாகவே சுற்றிக்கொண்டிருந்தாலும் பாதகமில்லை. சில பாதாளங்களில் இறங்கி ஏறினால் கல்லூரிக்கே தலைமை மந்திரவாதி ஆகிவிடலாம். அதே ஆள் வைட்ரன் நகரத்தில் கம்பேனியன்ஸ் என்ற போர்வீரர் குழாத்துக்கும் தலைவர். ரிஃப்டன் ஊருக்கு அடியில் பதுங்கியிருக்கும் திருடர் சங்கத்துக்கும் தலைவர். டார்க் பிரதர்ஹுட் என்ற கூலிக்கொலைக் கூட்டத்திலும் முதல் ஆள். நான்கு மகுடமும் ஒரே தலையில். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கல்லூரி மாணவன் ஜ'ஸார்கோ அப்போதும் தன் மந்திரச் சுருள்களைச் சோதித்துப் பார்க்கும் எடுபிடி வேலையைத் தன் தலைவரிடமே கூச்சமில்லாமல் ஒப்படைப்பான்.

இதைத்தான் 2011 முதல் சுதந்திரம் என்று கொண்டாடிக்கொண்டிருக்கிறோம். ஓப்பன் வேர்ல்டு ரோல்-பிளேயிங் கேம்களைப் பற்றி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஒரே பல்லவி: எங்கும் போகலாம், எதுவும் செய்யலாம், யாராகவும் இருக்கலாம். புது விளையாட்டு ஒன்று வரப்போகிறது என்றால் ரசிகர் கேட்கும் முதல் கேள்வி, மேப் எவ்வளவு பெரிது. அடுத்தது, எத்தனை மணி நேரம் ஓடும். அதற்கும் அடுத்தது, எல்லாவற்றையும் ஒரே ஆட்டத்தில் பார்த்துவிட முடியுமா. நடுவில் ஏதாவது ஒரு கதவு சாத்தியிருந்தால் போச்சு, 'கேம் என் கையைக் கட்டிப்போடுகிறது' என்று குற்றப்பத்திரிகை தயாராகிவிடும். ஆட்டக்காரர் கேட்பதற்கெல்லாம் தலையாட்டுவதுதான் டெவலப்பரின் கடமை என்பது எழுதாத சட்டம்.

இந்தச் சட்டத்தை நான் ஏற்கவில்லை. எல்லாக் கதவும் திறந்திருக்க வேண்டும் என்பது விலை கொடுத்து வாங்கியவரின் கணக்கு. ஆட உட்கார்ந்தவரின் கணக்கு வேறு. தான் செய்ததை அந்த உலகம் பார்த்ததா, பார்த்ததற்குப் பதில் சொன்னதா என்பதே அவருடைய கவலை. 'முடியாது' என்று சொல்லத் திராணியில்லாத உலகத்திடமிருந்து பதில் எப்படி வரும்? தாயம் விழாமல் காயை இறக்க முடியாது. கட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து உருட்டி உருட்டிக் கை ஓய்ந்தவர்கள்கூட, அந்த விதியைத் தூக்கிவிட்டால் ஆட்டம் நன்றாகிவிடும் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ரசிகர்களின் ஆசைக்குக் காது கொடுப்பது எப்படி என்பதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. ரிச்சர்ட் கேரியட் தன் அல்டிமா விளையாட்டுகளை வெளியிடச் சொந்த நிறுவனம் தொடங்கிய பிறகுதான் ரசிகர் கடிதங்கள் நேராக அவர் கைக்கு வர ஆரம்பித்தன. ஜெயிப்பதற்காகக் கடைக்காரரைக் கொள்ளையடிப்பதும் ஊர்க்காரரை வெட்டிச் சாய்ப்பதும் ஆட்டக்காரர்களுக்குச் சர்வசாதாரணம் என்பது அவற்றைப் படித்தபோதுதான் அவருக்கு உறைத்தது. தடை போட்டிருக்கலாம், போடவில்லை. 1985இல் வந்த அல்டிமா 4இல், நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் உலகம் ஒன்றைச் செய்தார். அதில் மூலிகை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. வாங்கிய சரக்குக்கு எத்தனை பொற்காசு என்று எண்ணி வைக்க வேண்டியவர் நாம்தான். ஒற்றைக் காசை வைத்துவிட்டு நகரலாம். கூச்சல் இல்லை, காவலர் இல்லை. ஆனால் எட்டு நற்குணங்களின் கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. நேர்மை அதில் ஒன்று. பல மணி நேரம் கழித்து, ஆட்டத்தின் இலக்கான அவதாரமாகும் வழி அடைபட்டுக் கிடப்பதைப் பார்த்து விழித்துக்கொண்டு நிற்கும்போதுதான் மூலிகைக் கடை நினைவுக்கு வரும். அல்லது வராது.

கடிதம் எழுதியவர்களில் ஒருவரும் இப்படி ஒன்றைக் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்காததைக் கொடுத்ததால்தான் அந்த விளையாட்டு இன்றும் பேசப்படுகிறது.

ஸ்கைரிமை உருவாக்கிய பெதஸ்டா நிறுவனத்துக்கும் ஒரு காலத்தில் இது தெரிந்திருந்தது. அதே வரிசையில் 2002இல் வந்த மாரோவிண்டில் ஹ்லாலு, ரெடோரன், டெல்வானி என்று மூன்று பெருங்குடிகள். ஒன்றில் சேர்ந்தால் மற்ற இரண்டும் வாசலோடு அனுப்பிவிடும். சங்கங்களில் பதவி உயர்வு வேண்டுமானால் அதற்குரிய திறமை இத்தனை புள்ளி என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் எத்தனை வேலை முடித்திருந்தாலும், போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வா என்பார்கள். இதைவிடத் துணிச்சலானது ஒன்று உண்டு. முக்கியக் கதைக்கு வேண்டிய ஆளை நாம் கொன்றுவிடலாம். கொன்றால், விதியின் இழை அறுந்தது, பழைய சேவுக்குத் திரும்பு, இல்லையேல் நீயே கெடுத்துக்கொண்ட இந்த உலகத்தில் இருந்துகொள் என்ற பொருளில் ஒரு செய்தி திரையில் வரும். அவ்வளவுதான். ஆட்டம் நிற்காது.

உண்மையில் அங்கே ஒரு கொல்லைப்புற வழியும் இருந்தது. கதைக்கு உயிர்நாடியான விவெக் என்ற கடவுளையே கொன்றுவிட்டாலும், ட்வெமர் இனத்தில் எஞ்சிய கடைசி ஆளான யாக்ரும் பாகார்னைத் தேடிப்பிடித்து, கதையை முடிக்கத் தேவையான ரெய்த்கார்ட் என்ற கையுறையை வேலை செய்யும்படி ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் அதை மாட்டும்போது நம் உடல்நலத்தில் பெரும்பங்கை நிரந்தரமாக உறிஞ்சிவிடும். இந்த வழியை எந்த அம்புக்குறியும் காட்டாது. சுவர் இருக்கிறது என்று தெரிந்தவர்தானே சுவரேறிக் குதிக்க முடியும்! நான்கு வருடம் கழித்து ஆப்லிவியன் வந்தது. முக்கியமான ஆட்களை எத்தனை முறை வெட்டினாலும் மயங்கி விழுந்து, சற்று நேரத்தில் எழுந்து, மேலே ஒட்டிய தூசியைத் தட்டாத குறையாக நின்றார்கள். ரசிகர்களின் ஆட்டம் கெட்டுவிடக்கூடாதாம்.

அதே ஆப்லிவியனில் இன்னொரு கூத்து. எங்கும் எப்போதும் போகலாம் என்ற வாக்கைக் காப்பாற்ற, எதிரிகளின் பலமும் உடைமையும் நம் லெவலுக்கு ஏற்றபடி கூடிக்கொண்டே போகும். முடிவில் என்ன ஆகும்? நெடுஞ்சாலையில் வழிமறிக்கும் திருடன், ஒரு மாளிகையையே விலைக்கு வாங்கக்கூடிய கண்ணாடிக் கவசத்தை அணிந்துகொண்டு, நம்மிடம் 100 காசு கேட்டு மிரட்டுவான். சிரிப்பு வரும். சிரித்து முடித்த பிறகு உறைக்கும், இந்த உலகத்தில் எந்த இடமும் எந்த இடத்தைவிடவும் ஆபத்தானதல்ல என்று. எங்கே போனாலும் நம் அளவுக்குத் தைத்த சட்டைதான் காத்திருக்கிறது என்றால், அங்கே போகலாமா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது?

எதிர்த்தரப்பின் பலமான வாதத்தை இங்கே வைத்துவிடுவது நியாயம். 'இது தனியாக ஆடும் கேம். வசதி வேண்டாதவர் பயன்படுத்தாமல் இருந்துவிட்டுப் போகட்டும். மேப்பில் அம்புக்குறி பிடிக்கவில்லையா, அணைத்துவிடு. ஃபாஸ்ட் டிராவல் பிடிக்கவில்லையா, நடந்து போ. என் வசதியால் உனக்கு என்ன நஷ்டம்?' கேட்பதற்கு மிக நியாயமாக இருக்கும். பல பேர் இதோடு வாயை மூடிக்கொள்வார்கள்.

நஷ்டம் இருக்கிறது, அதைக் கண்ணால் பார்க்கலாம். மாரோவிண்டின் தொடக்கத்தில் ஹாஸ்ஃபாட் அண்டபோலிஸ் என்பவர், ஆர்க்ந்தாண்ட் இடிபாட்டிலிருந்து ஒரு புதிர்ப்பெட்டியை எடுத்துவரச் சொல்வார். எப்படிப் போவது என்று கேட்டால் வழி சொல்வார்: பால்மோரா ஊரின் தெற்கே வெளியேறி, ஆற்றைக் கடந்து, கிழக்கே மூன்மாத் கோட்டையைத் தாண்டி, எரிமலைப் பள்ளத்தின்மேல் ஒரு பழைய ட்வெமர் பாலம் வரும், அக்கரை மேட்டில் இடிபாடு, கதவு தானாகத் திறக்காது, பக்கத்தில் உள்ள திருகுகோலைத் திருப்ப வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொண்டு, பாதி வழியில் தப்பாகத் திரும்பி, கைகாட்டிப் பலகையைப் பார்த்து மீண்டு போய்ச் சேர்கிறோம். ஸ்கைரிமில் அம்புக்குறியை அணைத்துப் பாருங்கள். பெரும்பாலான வேலைகளில் எங்கே போவது என்று ஒருவரும் வாயால் சொல்லியிருக்க மாட்டார்கள். உன் மேப்பில் குறித்துவிட்டேன் என்பதோடு பேச்சு முடிந்திருக்கும். அம்பு வந்த பிறகு எழுத்தாளருக்கு வழி எழுதும் வேலை இல்லாமல் போயிற்று. வழி எழுதாததால் ஊரில் அடையாளங்கள் வைக்கும் தேவையும் குறைந்தது. ஒரு வசதியை உள்ளே விட்டால் அது தன் இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்காது. சுற்றியிருக்கும் எல்லாமே அதற்கு ஏற்றபடி வளையும். 'வேண்டாதவர் விட்டுவிடலாம்' என்ற பேச்சு, விடுவதற்கு வேறொன்று கைவசம் இருக்கும்போது மட்டும்தான் செல்லும்.

ரசிகர்கள் வாயால் கேட்பது ஒன்று, கையால் செய்வது இன்னொன்று. ஸ்கைரிமுக்கு அவர்களே எழுதிய மாட்களில் பெயர் பெற்றவை எவை? ஃப்ராஸ்ட்ஃபால், குளிரில் நனைந்தால் விறைத்துச் சாகவைப்பது. ரெக்விம், எதிரியின் பலத்தை நம் லெவலிலிருந்து பிரித்து அவனவன் இடத்தில் நிறுத்துவது. தகுதியில்லாமல் ஒரு குகைக்குள் நுழைந்தால் அடுத்த நொடியே பிணம். காசு வாங்காமல், இரவு கண்விழித்து, ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தும்படி இவர்கள் கட்டியது முடியாது என்று சொல்லும் உலகத்தை! கடைசியில் பெதஸ்டாவே 2017இல் ஸ்கைரிமுக்கு ஒரு சர்வைவல் மோடைக் கொண்டுவந்தது. அதில் பசி உண்டு, குளிர் உண்டு, ஃபாஸ்ட் டிராவல் கிடையாது.

ரசிகர்கள் எப்போதுமே தப்பு என்று சொல்ல வரவில்லை. 2008இல் பெதஸ்டா வெளியிட்ட ஃபால்அவுட் 3இன் முடிவில் யாராவது ஒருவர் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் போய்ச் சுத்திகரிப்பு இயந்திரத்தை இயக்க வேண்டும். போனால் மரணம். நம் பக்கத்திலேயே ஃபாக்ஸ் என்ற ராட்சத உடல்காரர் நிற்கிறார். கதிர்வீச்சு அவரை ஒன்றும் செய்யாது. சில மணி நேரத்துக்கு முன்புதான் அதேபோன்ற ஓர் அறைக்குள் நமக்காகப் போய் வந்தார். இப்போது போகச் சொன்னால், இது உன் விதி, நான் குறுக்கிட மாட்டேன் என்று தத்துவம் பேசுகிறார். ரசிகர்கள் கொதித்தார்கள். 2009 மே மாதம் வந்த புரோக்கன் ஸ்டீல் என்ற கூடுதல் பகுதியில் அவர் உள்ளே போகச் சம்மதித்தார். முடிந்த கதையும் தொடர்ந்தது.

கொதித்தது சரி. ஆனால் அந்தக் கோபத்திலிருந்து நிறுவனம் எடுத்துக்கொண்ட பாடம் தப்பு. விளையாட்டு மறுத்ததில் குற்றமில்லை. தன் சொந்த விதியையே மீறி மறுத்ததுதான் குற்றம். கதிர்வீச்சு இவரைத் தொடாது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்ததும் அந்த உலகம்தானே? உலகத்தின் விதியிலிருந்து வரும் 'முடியாது' வேறு, எழுத்தாளர் தன் வசதிக்காகச் சொல்லும் 'முடியாது' வேறு. 2012இல் மாஸ் எஃபெக்ட் 3இன் முடிவுக்கு எழுந்த எதிர்ப்பும் இதே ரகம். மூன்று விளையாட்டுகளாக எடுத்த முடிவுகளெல்லாம் கடைசியில் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறத்தில் வந்து கரைந்தன. அந்த ரசிகர்கள் கூடுதல் சுதந்திரம் கேட்கவில்லை. முன்பு செய்ததற்கு விலை எங்கே என்று கேட்டார்கள். அதை உருவாக்கிய பயோவேர் நிறுவனம் பிறகு கொடுத்த விரிவான முடிவில் நான்காவதாக ஒன்று இருந்தது. மூன்றையும் வேண்டாம் என்று மறுக்கலாம். மறுத்தால் எல்லாரும் அழிவார்கள், அடுத்த யுகம்தான் மிஞ்சும். வேண்டுமென்றே குத்தினார்கள் என்று சிலர் சொன்னார்கள். இருக்கட்டும். எனக்கு அந்த நான்கில் பிடித்தது அதுதான்.

இந்த வகையில் முடியாது என்று சொல்வதை ஒரு கலையாகவே செய்துகாட்டியது 2010இல் அப்சிடியன் நிறுவனம் உருவாக்கிய ஃபால்அவுட்: நியூ வேகஸ். குட்ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஆட்டம் தொடங்குகிறது. வேகஸ் நகரத்தின் விளக்குகள் வடக்கே தெரிகின்றன. நேர்வழியில் போனால் கல்குவாரிப் பக்கம் டெத்க்ளா என்ற ராட்சதப் பல்லிகள். இரண்டு அடியில் ஆட்டம் முடிந்தது. ஆகவே எல்லாரும் தெற்கே இறங்கி, பிரிம், நிப்டன், நோவாக் என்று ஊர் ஊராய்ச் சுற்றி, ஒவ்வொரு கட்சியின் யோக்கியதையையும் பார்த்துக்கொண்டே நகரம் போய்ச் சேர்கிறார்கள். இதைக் கண்ணுக்குத் தெரியாத சுவர் என்று இன்றைக்கும் திட்டுகிறவர்கள் உண்டு. சுவர் அல்ல. பதுங்கிப் பதுங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வடக்கு வழியிலேயே போய்ச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள், அந்த விளையாட்டில் எது சுதந்திரம் என்று.

அதில் குழந்தைகளைத் தவிர ஏறக்குறைய யாரையும் கொல்லலாம். கொன்றதை ஊர் மறக்காது. சீசரின் படை என்ற கட்சியைப் பகைத்துக்கொண்டால் கொலையாட்களை அனுப்பும். நடுக்கதையில், வேகஸ் தெருவில் ஒரு தூதர் வந்து, பழையதை மன்னித்தோம் என்று சீசரின் அடையாளத்தைக் கையில் தருவார். மன்னிப்பு ஒரே ஒரு தடவை. எல்லாரையும் கொன்று தீர்த்தவருக்கும் கதை முடிய ஒரு வழி வேண்டுமே என்று யெஸ் மேன் என்ற ரோபோவை வைத்தார்கள். சுட்டால் வேறோர் உடம்பில் வந்து நிற்கும். எதைச் சொன்னாலும் சிரித்த முகத்தோடு சரி என்னும். அந்தச் சிரிப்பில் இருக்கும் கிண்டல் யாரைப் பார்த்து என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். கட்சிகள் மோதும் ஹூவர் அணைப் போரோடு ஆட்டம் முடிகிறது. அதற்குப் பிறகு சுற்றித்திரிய முடியாது. இதற்கும் புகார் வந்தது. அணை யார் கைக்குப் போயிற்றோ அவர்கள் கையில் அந்த நிலம் என்ன ஆயிற்று என்பதை இறுதிக் காட்சிகள் சொல்லிவிட்ட பிறகு, அதே தெருவில் போய்க் காலி பாட்டில் பொறுக்குவதில் என்ன கிடைக்கும்?

2023 ஆகஸ்டில் வந்த பால்டர்ஸ் கேட் 3ஐ எதிர்த்தரப்பு தன் வெற்றிக்கொடியாகத் தூக்கிப்பிடிக்கிறது. பார்த்தீர்களா, எல்லாவற்றையும் அனுமதித்தார்கள், உலகமே கொண்டாடியது என்கிறார்கள். அந்த விளையாட்டை நன்றாக ஆடியவர் இப்படிச் சொல்ல மாட்டார். லாரியன் நிறுவனம் அனுமதித்ததைவிட, அனுமதித்ததற்கு வசூலித்ததுதான் அதன் பெருமை. முதல் பாகத்தில் ஒரு தோப்பு. உள்ளே அகதிகளாக ஒதுங்கியிருக்கும் டீஃப்ளிங் குடும்பங்கள். மிந்தாரா என்ற தளபதியோடு சேர்ந்து அவர்களை வெட்டிக்கொல்லலாம். விளையாட்டு தடுக்காது. ஆனால் நம் தோழர்களான கார்லாக், வில் இருவரும் அதோடு நம்மை விட்டுப் போய்விடுவார்கள். காலி இடத்தில் மிந்தாரா வந்து சேர்வாள். அவள் அருமையான பாத்திரம். எழுத்தும் குரலும் அசத்தல். அவளைத் தோழியாகப் பெறுவதற்கு விலை ஒரு படுகொலை. அந்த விலைதான் அவளை அவளாக்கியது.

ரசிகர்களுக்குக் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. தோப்பும் பிழைக்க வேண்டும், மிந்தாராவும் வேண்டும். அவளைக் கொல்லாமல் அடித்து மயக்கமாக்கினால் பிறகு உயிரோடு வருகிறாள் என்று சிலர் ஒரு சந்துவழியைக் கண்டுபிடித்தார்கள். பின்னால் வந்த ஒரு திருத்தத்தில் லாரியன் அதையே முறையான வழியாக ஆக்கிக்கொடுத்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. இப்போது மிந்தாரா நல்லவர்கள் கூடாரத்தில் இன்னொரு சேகரிப்பு.

கார்லாக் விஷயத்தில் நிறுவனம் வளையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவள் நெஞ்சில் இதயத்துக்குப் பதிலாக நரகத்து எஞ்சின் ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது. நரகத்துக்கு வெளியே அவள் நீண்டநாள் வாழ முடியாது. அவளைக் காப்பாற்ற ஒரு மருந்து வேண்டும் என்று ரசிகர்கள் மன்றாடினார்கள். அவள் முடிவை விரிவாக்கினார்கள், அவெர்னஸ் என்ற அந்த நரகத்துக்குத் திரும்பிப் போகும் காட்சியை நன்றாக்கினார்கள், 2023 நவம்பர் 30 அன்று வந்த ஐந்தாவது திருத்தத்தில் தோழர்கள் மறுபடி கூடும் ஒரு பின்கதையையும் சேர்த்தார்கள். மருந்தைத் தரவில்லை. சாகப்போகிறோம் என்று தெரிந்து அவள் வெடித்துக் கத்தும் இடம் அந்த விளையாட்டின் உச்சங்களில் ஒன்று. ஒரு மருந்துப்புட்டி அதைக் கழுவிவிட்டிருக்கும். அதே ஐந்தாவது திருத்தத்தில்தான் ஹானர் மோடும் வந்தது. ஒரே ஒரு சேவ். குழு மொத்தமும் செத்தால் அந்தப் பயணம் செல்லாது. முடித்தவருக்குப் பரிசு ஒரு தங்கநிறப் பகடை. எல்லாம் வேண்டும் என்று கேட்ட அதே ரசிகர்கள்தான் அந்தப் பகடைக்காக மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

பரப்பளவு விஷயத்தில் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. 2023 செப்டம்பரில் வந்த ஸ்டார்ஃபீல்டில் 1,000க்கு மேற்பட்ட கோள்கள். ஒரு கோளில் பார்த்த கைவிடப்பட்ட ஆய்வுக்கூடம், அதே அறைகளோடு, அதே கடிதத்தோடு இன்னொரு கோளில் வந்து நிற்கும். 2019இல் வந்த டிஸ்கோ எலிசியத்திலோ மார்ட்டினேஸ் என்ற ஒரே ஒரு பேட்டைதான். ஆனால் உடல்வலு குறைந்த துப்பறிவாளராக ஆடினால், முதல் அறையில் மின்விசிறியில் மாட்டிக்கிடக்கும் டையை எட்டிப் பிடிக்கப் போய், பகடை சரியாக விழாமல், மாரடைப்பில் செத்துவிடலாம். கதை தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த அறைக்குள் இருக்கும் சுதந்திரம் எந்தக் கோளிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

நேரமில்லாதவர்களின் முறையீடு ஒன்று பாக்கி. வேலை, குடும்பம், வாரத்துக்குச் சில மணி நேரம். ஒரே ஒரு முறைதான் ஆட முடியும். அதில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டால் என்ன தப்பு என்கிறார்கள். இவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எல்லாம் திறந்த விளையாட்டு இவர்களைத்தான் அதிகம் வதைக்கிறது. ஃபால்அவுட் 4இல் பிரெஸ்டன் கார்வி என்ற புண்ணியவான், இன்னொரு குடியிருப்புக்கு உதவி தேவை என்று முடிவே இல்லாமல் வேலை கொடுத்துக்கொண்டே இருப்பார். அவரைக் கொல்லவும் முடியாது. நேரம் குறைந்தவருக்கு வேண்டியது நாற்பது மணி நேரத்தில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும்படியான ஒரு கதை. அவர் பார்க்காத மற்றப் பாதைகள் இருக்கின்றன என்பதாலேயே அவர் நடந்த பாதை அவருடையதாகிறது. பக்கத்து இருக்கை நண்பர் நடந்தது வேறு பாதை என்றால் மதிய உணவில் பேசுவதற்கும் ஏதாவது இருக்கும்.

ஸ்கைரிம் வரிசையின் அடுத்த பாகமான எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6க்கு 2018 ஜூனில் அறிவிப்பு வந்தது. ஒரு நிமிடம்கூட ஓடாத ஒரு மலைக்காட்சி. அன்றிலிருந்து ஆசைப்பட்டியல் நீண்டுகொண்டே போகிறது: கப்பல் வேண்டும், கோட்டை கட்ட வேண்டும், ஸ்கைரிமைவிடப் பெரிய மேப் வேண்டும். என் பங்குக்கு ஒன்றே ஒன்று. பத்தாவது மணி நேரத்தில் நான் பொய் சொல்லி ஏமாற்றிய ஒரு சிற்றரசர், அறுபதாவது மணி நேரத்தில் நான் படை கேட்டு வரும்போது அதை நினைவில் வைத்திருந்து, தரமாட்டேன் என்று என்னை வெளியே அனுப்ப வேண்டும். அடுத்த மாதம் வரும் எந்தத் திருத்தமும் அவர் மனதை மாற்றக்கூடாது.